முல்லரை முல்லர் கட்டலாமா?

எங்கள் எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியிருக்கும் கம்பெனி, வேலையாட்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறது. இப்போது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் தம்பி போன வாரம் ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்தில் என்னை மடக்கிக்கொண்டார். “ஏனுங்கய்யா, நம்ம ஆளுங்களுக்கு ஏதுங்க குடும்பப் பேரு? இதுல என்னத்த எழுதறதுங்க?”

“என்னத்தையாவது எழுது கண்ணு. ஆனா எழுதினதச் சத்தமாப் படிச்சுக் காட்டாதே” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு குடும்பப் பெயரைச் சத்தமாகப் படித்ததால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். படித்தவனும் நான்தான். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பெரிய விஷயமில்லை. முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, கொஞ்சம் இங்கிலீஷும் நிறையப் பசியுமாக அடிவாரத்திலிருந்து நடந்தே மலையேறினேன். பெரிய ரைட்டர் என்னை முதலில் ஆள் எண்ண விட்டார், பிறகு எழுத விட்டார், பிறகு குளிர் தாங்கவில்லை என்று ஊருக்கே போய்விட்டார். அப்படியே நான் ரைட்டர் ஆகிவிட்டேன். என் திறமைக்கு இதில் அதிகப் பங்கு கிடையாது.

எஸ்டேட் ஒரு இங்கிலீஷ்காரருடையது. அவர் மெட்ராஸை விட்டு அசையமாட்டார். மேனேஜராக இருந்தவர் ஜெர்மனிக்காரர். பெயர் முல்லர். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டை மீசை, கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே அளவுக்கு மோசம் என்பதால் எங்களுக்குள் ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை. தமிழை அவர் பழம் பறிக்கும் பெண்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் யாரைப் பார்த்தாலும் ‘ஏனுங்க’தான். நாயைக்கூட “ஏனுங்க, இங்க வாங்க” என்றுதான் கூப்பிடுவார். அதுவும் மரியாதையாக நடந்து வரும்.

காப்பியில் அவர் ஒரு பைத்தியம். பழத்தை மெஷினில் தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைப்போம். காய்ந்ததா இல்லையா என்று மற்ற எஸ்டேட்டில் மேஸ்திரி நகத்தால் அழுத்திப் பார்ப்பான். எங்கள் துரை தானே களத்துக்கு வந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைப்பார். கையைத் தூக்குவார். உடனே களத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குப்பை கிளறும் கோழிகளைத் துரத்திவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ‘டக்’கென்று கடிப்பார். சத்தம் சரியாக இருந்தால் “நொம்ப நல்லாருக்குதுங்க” என்பார். சரியில்லை என்றால் காது சிவக்கும். அன்றைக்கு மூட்டை கட்டமாட்டோம்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எல்சா அம்மா. அவரும் ஜெர்மனிதான். மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு மலைக்கு வந்து வேலையாட்களின் லைன் வீடுகளிலும், வாழவந்தி, செம்மநத்தம் கிராமங்களிலும் வைத்தியம் பார்ப்பார். தமிழை அவர் பாதிரியாரிடம் கற்றவர். “அம்மா, உமது நாவை நீட்டும்” என்பார். இவர் ‘ஏனுங்க’ என்று கேட்க, அவர் ‘மெய்யாகவே’ என்று பதில் சொல்ல, இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டால் பங்களா சமையல்காரன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவான்.

கல்யாணச் சேதியை ஆட்களுக்கு முறையாகச் சொல்ல வேண்டும் என்று துரை ஆசைப்பட்டார். பழம் சிவந்து கிடந்த பருவம். லைன் ஆட்களோடு மலைக் கிராமத்து ஆட்களும் பறிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் வாழவந்தி சடையக் கவுண்டர். அவர் சொன்னால் மலையில் பாதி ஊர் எழுந்திருக்கும், பாதி ஊர் உட்காரும். லைன் ஆட்களும் நல்லது கெட்டதுக்கு அவரைத்தான் கேட்பார்கள். எல்லோரையும் களத்தில் நிற்கவைத்து, அச்சடித்த அழைப்பை நான் உரக்கப் படித்தேன். மாப்பிள்ளை ஹான்ஸ் முல்லர். மணப்பெண் எல்சா முல்லர்.

கை தட்டுவார்கள் என்று துரை காத்திருந்தார். பறிப்புக்காரி நல்லம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சடையக் கவுண்டர் மட்டும் கேட்டார்.

“ஏனுங்க ரைட்டரே, பொண்ணுக்கும் முல்லருங்களா?”

“ஆமாங்க.”

“கட்டறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாங்க.”

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பழம் பறிக்க ஒரு ஆள்கூட வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. எங்கே பிறந்தாலும், எத்தனை தலைமுறை ஆனாலும் தங்கச்சிதான். வகையறாவுக்கு ஒரு பெயர் இருக்கிற மாதிரி வெள்ளைக்காரருக்கும் இருக்கிறது, அது பெயரின் வாலில் தொங்குகிறது என்று நம் ஆட்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நானே அழைப்பை எடுத்து இரண்டு பெயரையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

துரை முதலில் சிரித்தார். எல்சா அம்மா சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மலையிலேயே தங்கிப் பிரசவம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த நாளில் பிரசவத்தில் போன பெண்கள் இல்லாத லைன் கிடையாது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பாதி வழியிலேயே முடிந்துவிடும். இவருக்கு அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

“அண்ணனை விவாகம் செய்தவள் என்று என்னைச் சொல்லுவார்கள். அப்படிப்பட்டவளைத் தங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க விடுவார்களா?” என்று கேட்டார். “சடையக் கவுண்டர் தமது வாயால் சம்மதம் சொல்லட்டும். சொல்லாவிட்டால் இந்த விவாகம் வேண்டாம்.”

துரைக்கு இரண்டு காதும் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது. மனிதர் காப்பிக்கொட்டைக்கு அடுத்தபடியாக அந்த அம்மாவைத்தான் நேசித்தார். கொட்டைக்கு முன்னாலேயேகூட இருக்கலாம்.

முதலில் பெயருக்கு அர்த்தம் சொல்லிப் பார்த்தோம். கவுண்டரையும் ஊராரையும் களத்துக்கு அழைத்து, துரையே விளக்கினார். முல்லர் என்றால் மாவு அரைக்கிறவன். அவர்கள் நாட்டில் ஓடைக்கு ஓடை தண்ணீரில் சுற்றும் மாவு மில் உண்டு. மில்லுக்கு ஒரு ஆள் உண்டு. பழைய காலத்தில் ஊரில் நாலு ஹான்ஸ் இருந்தால், அடையாளத்துக்கு ‘மில்லுக்கார ஹான்ஸ்’ என்பார்கள். பிற்பாடு எல்லோரும் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அத்தனை மில்லுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் ஜெர்மனி முழுக்க முல்லர் மயம். ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது.

“தெருவுல நின்னு முல்லர்னு கூப்புட்டா, தெருவே திரும்புமுங்க” என்றார் துரை.

கூட்டம் யோசித்தது. நல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “உங்க ஊருல ஆம்பளைங்கதான் மாவரைப்பாங்களா சாமி?”

“ஆமாங்க.”

“அப்ப பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?”

துரை மீசையைத் தடவிக்கொண்டார். நல்லம்மா அதோடு விடவில்லை. லைனிலிருந்து ஒரு திருகையும் ஒரு முறம் கேழ்வரகும் வந்து இறங்கின. பரம்பரை மாவரைக்கிறவர் என்றால் அரைத்துக் காட்டட்டுமே என்றார்கள். துரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவருக்குக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. திருகையைச் சுற்றச் சொன்னால் வண்டிச் சக்கரம் மாதிரி சுழற்றினார். மேல்கல் அச்சைவிட்டுக் கழன்று நாயை நோக்கி உருண்டது. கேழ்வரகு பாதி முழுசாகவும் பாதி அவர் மீசையிலும் இருந்தது.

“இவரு முல்லரே இல்லீங்க” என்றாள் நல்லம்மா. அது எங்களுக்கு அனுகூலமான தீர்ப்புதான். ஆனால் கவுண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. “தொழிலு மறந்துட்டா வகையறா மாறிப்போயிருமா?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த யோசனை துரையுடையது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சம்பந்தமில்லாத முல்லர்களை நேரில் காட்டிவிட்டால் நம்புவார்கள் என்றார். நாலா பக்கமும் தந்தி அடித்தார். பஸ்ஸில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஆலைகளில் மெஷின் பூட்டுகிற முல்லர். பெங்களூரில் பியானோ சரிபார்க்கிற முல்லர். வண்ணத்துப்பூச்சி பிடித்து அட்டையில் குத்திவைக்கிற முல்லர். ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, ஒருவர் வழுக்கை. மலைப்பாதை வளைவுகளில் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி குமட்டல்.

அவர்களை வரிசையாக நிற்கவைத்து, “பாருங்க, ஒருத்தருக்கொருத்தர் ஜாடையே இல்லீங்க” என்றார் துரை. கவுண்டர் ஒவ்வொருவரையும் சுற்றிவந்து, காதையும் மூக்கையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் அடுத்தடுத்துத் தும்மினார்கள். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

அதோடு போயிருந்தால்கூட சமாளித்திருக்கலாம். மெஷின் முல்லருக்கு எங்கள் தோலுரிக்கும் மெஷின் கண்ணில் பட்டுவிட்டது. பெல்ட் தொங்குகிறது என்று அவர் ஏதோ சொன்னார். துரை இல்லை என்றார். அவர் ஆமாம் என்றார். பியானோ முல்லர் சமாதானம் செய்யப் போய், மெஷின் போடும் சத்தமே சுருதி தப்பி இருக்கிறது என்று சொன்னாராம். ஐந்து நிமிஷத்தில் நாலு பேரும் ஜெர்மன் பாஷையில் கத்திக்கொண்டு நின்றார்கள். வண்ணத்துப்பூச்சி முல்லர் வலைக்கம்பை ஓங்கினார். துரை காலால் களத்தில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டாதே என்று கையைக் காட்டினார்.

கவுண்டர் என் பக்கம் குனிந்து, “பாகம் பிரிக்கறதுல தகராறுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, மெஷின் பெல்ட்டு.”

“எதுனா இருக்கட்டுமுங்க. பங்காளியக் கூட்டியாந்து நிறுத்திட்டுப் பங்காளி இல்லைன்னு சொன்னா எப்படீங்க நம்பறது? கோடு வேற கிழிக்கறாங்க.”

அன்றிரவு மூன்று முல்லரும் துரையோடு கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாடி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் இறங்கிப்போனார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரன், பங்காளிதான் இப்படிச் சேர்ந்துகொள்வான் என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டான்.

பழம் மரத்தில் கறுத்துக்கொண்டிருந்தது. கல்யாண நாள் நெருங்கியது. எல்சா அம்மா பெட்டியைக் கட்டிவைத்துவிட்டார், ஜெர்மனிக்குத் திரும்பிவிடுவது என்று. துரை களத்துக்கு வந்தார், கொட்டையை வாயில் வைத்தார், கடிக்க மறந்து விழுங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே வாழவந்திக்கு நடந்துபோய்க் கவுண்டரைக் கும்பிட்டேன். “எங்களுக்குச் சொல்லத் தெரியலீங்க. நீங்களே உங்க முறைப்படி விசாரிச்சுப் பாருங்க” என்றேன். இதை முதலிலேயே யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம் போலிருக்கிறது. உடனே வந்தார்.

அவர் விசாரிக்கும் முறை தனி. மாப்பிள்ளையையும் பெண்ணையும் களத்தில் எதிரெதிரே உட்காரவைத்தார். முதல் கேள்வி எந்த ஊர் என்பதில்லை, எந்தத் தண்ணீர் என்பது. துரை தன் பாட்டன் மில் இருந்த ஓடையைக் காய்கிற கொட்டைமேல் விரலால் வரைந்தார். எல்சா அம்மா தன் குடும்பத்து மில் இருந்த ஓடையை வரைந்தார். கவுண்டர் இரண்டையும் விடாமல் பின்தொடரச் சொன்னார். இரண்டும் கீழே போய் ஒரே ஆற்றில் சேர்ந்தன.

“தண்ணி ஒண்ணாச் சேருதுங்களே” என்று கவுண்டர் முகம் சுளித்தார். நல்லம்மா ‘அச்சச்சோ’ என்றாள். துரை அவசரமாக இடையில் ஒரு மலையை வரைந்தார். எல்சா அம்மா, அங்கே மலை கிடையாது என்று அதை அழித்துவிட்டார். அந்த அம்மாவின் நேர்மைக்காக நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“உங்க மில்லுக்கு முதல்ல வந்தது யாருங்க அம்மிணி?” என்றார் கவுண்டர்.

எல்சா அம்மா கலைந்த கொட்டையைக் கையால் சமப்படுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார். அவருடைய தாத்தா மில்லுக்காரரே இல்லையாம். மாவு மூட்டை தைக்க ஊர் ஊராகப் போகும் தையல்காரராம். மில்லுக்காரருக்கு ஒரே மகள். மூட்டை தைக்க வந்தவர் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் பக்கம் ஒரு வழக்கம், எந்த வீட்டில் போய் இருக்கிறானோ அந்த வீட்டுப் பெயர்தான் அவனுக்கும். அப்படித்தான் அவர் முல்லர் ஆனார். பிறந்த பெயர் ஷ்னைடர். தையல்காரர் என்று அர்த்தம்.

“வீட்டோட மாப்பிள்ளைங்களா!” என்று நல்லம்மா கத்தியேவிட்டாள்.

களத்தில் பெரிய சலசலப்பு. ஜெர்மனியிலும் வீட்டோட மாப்பிள்ளை உண்டு என்பதில் லைன் பெண்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. நான் கவுண்டர் முகத்தையே பார்த்தேன். ஆண்வழிதானே வகையறா? தாத்தா தையல்காரர் என்றால் பேத்தியும் தையல்கார வகையறா. முடிந்தது விஷயம் என்று நினைத்தேன். கவுண்டர் எழுந்து வேட்டியில் ஒட்டிய கொட்டையைத் தட்டிவிட்டார். “நம்ம சேர்வராயன் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க” என்றார். “அதுவரைக்கும் பழம் பறிக்கட்டும். பழம் என்ன பாவம் பண்ணுச்சு?”

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். கவுண்டர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கல்யாண நாளே வந்துவிட்டது, அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. எல்சா அம்மா வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டார். ஆனால் கட்டிய பெட்டியை அவிழ்க்கவில்லை. “அவர் சொல்லாவிட்டால் நான் கோயிலைவிட்டு எழுந்து போய்விடுவேன்” என்று என்னிடமே சொன்னார்.

மிஷன் கோயிலில் முன் பெஞ்சுகளில் துரைமார், பின் பெஞ்சுகளில் நாங்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தபோது சடையக் கவுண்டர் உள்ளே வந்தார். கோடி வேட்டி, பெரிய தலைப்பாகை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். யாரையும் பார்க்கவில்லை.

பாதிரியார் இங்கிலீஷில் படித்துவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் படித்தார். “இவ்விருவரும் விவாகம்பண்ணக்கூடாதென்பதற்கு யாதொரு தடை உண்டென்று யாராவது அறிந்திருந்தால், இப்பொழுதே சொல்லக்கடவர்.”

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள், ஒரு மரியாதைக்குச் சும்மா இருப்போம். இது கவுண்டருக்கு எப்படித் தெரியும்? பெண் கட்டும் இடத்தில் முறை கேட்டால் பெரியவர் எழுந்து சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து நின்றார்.

துரைமார் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு துரைசாணி விசிறியைக் கீழே போட்டார். முல்லர் துரையின் காது சுண்ணாம்பாய் வெளுத்தது. எல்சா அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“தடை ஒண்ணும் இல்லீங்க சாமி” என்றார் கவுண்டர், கோயில் அதிர. “பொண்ணு தையல்கார வகையறாவுங்க. மாப்பிள்ளை மாவுக்கார வகையறாவுங்க. நானே நல்லா விசாரிச்சுட்டனுங்க. சேர்வராயன்கிட்டப் பூவும் கேட்டேன், வலப்பக்கமே விழுந்துச்சு. கட்டலாமுங்க.”

பாதிரியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒரு பதில் வந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று அதில் போட்டிருக்கவில்லை போலும். கடைசியில் “ஆமென்” என்றார். லைன் ஆட்கள் அத்தனை பேரும் “ஆமென்” என்றார்கள். எல்சா அம்மா முக்காட்டுக்குள்ளேயே சிரித்தார், அழுதார். பிறகு மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி நின்று கவுண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வந்தால் என்ன.

கவுண்டர் உட்காரவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அப்புறமுங்க சாமி, கொஞ்சம் சட்டுனு முடிச்சீங்கன்னா நல்லதுங்க. ஊட்டுல மருமகளுக்கு விடியக்காலமிருந்து வலி. அம்மிணியக் கையோட கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க.”

மீதிக் கல்யாணத்தைப் பாதிரியார் ஓட்டமாக முடித்தார். எல்சா அம்மா வெள்ளை உடுப்போடு மட்டக்குதிரையில் ஏறி வாழவந்திக்குப் போனார். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். சாயங்காலம் பேத்தி பிறந்த செய்தி வந்த பிறகுதான் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டார்கள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். சாமி தலையிலிருந்து பூ முதலில் விழுந்ததா, மருமகளுக்கு வலி முதலில் வந்ததா என்று நான் கவுண்டரிடம் கடைசிவரை கேட்கவில்லை.